'இங்கன வேண்டாம்' காசிலிங்கம்

பசித்த மனிதனுக்கு இந்தப் பூமியில் மூன்று சத்துருக்கள் உண்டு. ஒன்று பஞ்சம், இரண்டாவது ரேஷன் கடை, மூன்றாவது "இங்கன வேண்டாம்" ஆசாமி. முதல் இரண்டைப் பற்றியும் பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன, மகாஜனங்கள் மனுக் கொடுக்கிறார்கள், சர்க்கார் ஒரு கமிட்டியாவது போடுகிறது. மூன்றாமவரைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ஏனென்றால் அவர் நம் சிநேகிதர். நம்முடைய நன்மையை உத்தேசித்தே நம்மைப் பட்டினி போடுகிறவர்.

அவரை உங்களுக்குத் தெரியும். ஹோட்டலில் இடம் பிடித்து, இலை வந்து, இலையில் இட்லி விழுந்து, சட்னி விழுந்து, சாம்பார் ஓடிப் பரவி, முதல் விள்ளலை அதில் தோய்த்து வாயருகே கொண்டுபோயிருப்பீர்கள். அந்தச் சமயத்தில் தோளில் ஒரு கை விழும். "என்ன, இங்கனயா சாப்பிடுதிய?" அவ்வளவுதான். அதில் கோபம் இல்லை, கேலி இல்லை. சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர் குரலில் இருக்கிற இரக்கம்தான் இருக்கும். உங்கள் இட்லி அந்த நிமிஷமே ஆறிப்போகும், சட்னி புளித்துப்போகும், அதுவரைக்கும் நல்ல மனுஷராகத் தெரிந்த ஹோட்டல் முதலாளி கொள்ளைக்காரராகத் தெரிவார். பாதி இலையில் எழுந்து அவர் பின்னால் போவீர்கள். போகாமல் என்ன செய்ய?

அவருடைய சாஸ்திரம் நுட்பமானது. நல்ல காப்பி என்று ஒன்று உண்டு. ஆனால் அது நீங்கள் நிற்கிற கடையில் இல்லை, கிரேட் காட்டன் ரோட்டு முனைக் கடையில் இருக்கிறது. அங்கேயும் எல்லா வேளையிலும் இல்லை, பெரிய மாஸ்டர் நிற்கிற வேளையில் மட்டும் இருக்கிறது. பெரிய மாஸ்டர் நிற்கிற வேளையிலும் முதல் டிக்காஷன் முடிவதற்குள் போகவேண்டும். முதல் டிக்காஷனுக்குப் போய்விட்டாலும் பால் எந்த மாட்டுப் பால் என்று விசாரிக்கவேண்டும். இவ்வளவும் கூடிவந்து டம்ளரைக் கையில் வாங்கி ஒரு வாய் குடித்து "அடடா" என்பீர்கள். அவர் பெருமூச்சு விடுவார். "இப்ப என்ன காப்பி. யுத்தத்துக்கு முந்தி நீங்க இங்கன வந்திருக்கணும்."

இந்த ஜாதிக்கு மாதிரி வேண்டுமென்றால் தூத்துக்குடி காசிலிங்கத்தைத்தான் காட்டவேண்டும். கடற்கரைச் சாலையில், தோணிக்கும் கப்பலுக்கும் சரக்குப் பிடித்துக் கொடுக்கிற கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஊரில் அவர் பெயரை யாரும் முழுசாகச் சொல்லுவதில்லை. "இங்கன வேண்டாம் அண்ணாச்சி" என்றால் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கூட வழி காட்டுவார். பல வருஷங்களுக்கு முன்னால் இந்தக் கடலில் முத்துக் குளிப்பு நடந்ததே, உலகமெல்லாம் வந்து கடற்கரையில் கொட்டகை போட்டு உட்கார்ந்ததே, அதைப் பற்றி அவரைக் கேட்டுப் பாருங்கள். முத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. "அந்த வருசம் கொட்டாய்க்குப் பொறத்தால ஒருத்தன் ஆட்டுக்கறிக் குழம்பு வச்சான் பாரும். முத்துக் குளிப்பு முடிஞ்சுது, அவனும் போயிட்டான். அதுக்குப் பொறவு தூத்துக்குடியில குழம்பே கிடையாது" என்பார்.

ஆணவம் பிடித்த மனிதர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவருக்கு நெஞ்சு முழுக்க அன்பு. தனக்குத் தெரிந்த ஒரு ஜீவன் சுமாரான தோசையைத் தின்று, அதுவே தோசை என்று நம்பிச் செத்துப்போய்விடுமே என்கிற கவலை அவரை ராப்பகலாக அரித்தது. கல்யாணப் பந்தியில் புதுப்பெண்ணாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கியம்மாளிடம் அவர் பேசிய முதல் பேச்சே, "ஏளா, பாயசத்தைத் தொடாத. பாயசம்னா ஸ்ரீவைகுண்டத்துல இருக்கு. கூட்டிட்டுப் போறேன்" என்பதுதான். அந்த அம்மாள் அன்றைக்குத் தொடாமல் விட்ட பாயசத்துக்காக இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவருடைய வாழ்க்கையில் ஒரு நாற்காலி குறுக்கிட்டது.

கம்பெனியில் பெரிய குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்று மில்லர்புரத்து வீட்டோடு இருந்துவிட்டார். அவருடைய நாற்காலி காலியாக நின்றது. கை வைத்த பிரம்பு நாற்காலி. ஜன்னலுக்கு நேரே. உட்கார்ந்தால் கடல் தெரியும், பாய் விரித்த தோணிகள் தெரியும், காற்று சட்டைக்குள்ளே புகுந்து முதுகைத் தடவிக்கொடுக்கும். காசிலிங்கமோ அத்தனை வருஷமாக உள்ளறையில், ஏற்றுமதிக்குப் போகிற நிலாவாரை மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நிலாவாரை இலை எதற்கு மருந்து என்று உங்களுக்குத் தெரியும். ருசியே வாழ்வு என்று இருக்கிற ஒருத்தரைப் பேதி மருந்து மூட்டையோடு அடைத்து வைத்தது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்த நாற்காலிக்காக அவர் ஏங்கினார். சொப்பனத்தில்கூட அதன் கையைத் தடவிப் பார்த்தார்.

போட்டிக்கு ஒரே ஒருவர்: பொன்னுதுரை. இவரும் குமாஸ்தா. எது கிடைத்தாலும் நின்றபடியே சாப்பிட்டுவிடுவார். எப்படி இருந்தது என்று கேட்டால் "சூடா இருந்துது" என்பார். அதற்கு மேல் ஒரு அபிப்பிராயம் அவர் வாயிலிருந்து வந்ததாக ஊரில் தகவல் இல்லை.

இருவரில் யாருக்கு நாற்காலி என்று முடிவு செய்ய மதராஸ் தலைமை ஆபீசிலிருந்து கிளாட்வின் என்கிற அதிகாரி வருவதாக ஏற்பாடாயிற்று. பூர்வீகம் இந்தப் பக்கத்து நாசரேத் ஊர், மூன்று வயசிலே மதராஸுக்குப் போய்விட்டவர். சாப்பாட்டுப் பிரியர் என்று பெயர். "காசிலிங்கம், அவரை நீர்தான் கவனிச்சுக்கணும். ஊர்ல என்ன விசேஷமோ அதெல்லாம் வாங்கிக் குடும்" என்று மானேஜரே சொல்லிவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான். அந்தப் பாலை இவர் குடிக்கவிடுவாரா என்பதுதான் கேள்வி.

இசக்கியம்மாளுக்கு அந்தச் சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. புருஷன் சட்டை மாட்டும்போது எதிரே வந்து நின்றாள்.

"கேட்டியளா. வாற மனுசன் எத ஆசப்பட்டுக் கேக்காரோ அத வாங்கிக் குடுங்க. நல்லாருக்குன்னு சொன்னாருன்னா, ஆமான்னு சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், நாற்காலி தானா வந்துரும்."

"இத நீ சொல்லணுமாக்கும்."

"திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். மனசறிந்துதான் பண்ணினார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடி மாசம். காலை ரயிலில் கிளாட்வின் வந்து இறங்கினார். உருண்டை முகம், உருண்டை உடம்பு, உருண்டைக் கண்ணாடி. காசிலிங்கத்தின் புகழ் மதராஸ் வரைக்கும் போயிருந்தது. அதை நம்பி அவர் ராத்திரி ரயிலில் எதையும் தொடாமல், வயிற்றைச் சுத்தமாகக் காலி பண்ணி, பெரிய மனசோடு வந்திருந்தார். பிளாட்பாரத்தில் பொன்னுதுரையும் நின்றார். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். அதிலிருந்து உளுந்து வடையின் ஆவி பறந்தது. கிளாட்வினுடைய கை கைகுலுக்குவதற்காக நீண்டு, வழியிலே மனசு மாறிப் பொட்டலத்தின் பக்கம் திரும்பியது.

காசிலிங்கம் இடையில் புகுந்தார். "இங்கன வேண்டாம் சார். ரயிலடி வடை. நேத்தய எண்ணெய். இத முதல்ல உள்ள விட்டியன்னா பொறவு நாக்கு எதுக்கும் ஆகாது."

சத்தியம் பண்ணி இன்னும் அரைப்பொழுதுகூட ஆகவில்லையே என்கிறீர்களா? அவருக்கு அது ஞாபகம் இருந்தது. ஆனால் சத்தியம் பண்ணினபோது ரயிலடி வடையைப் பற்றிப் பேச்சில்லையே என்று மனசு சமாதானம் சொல்லிற்று. கிளாட்வினும் அசந்துபோனார். "அடேயப்பா. பேருக்கு ஏத்த ஆள்தான். நீங்க சொன்னா சரி" என்றார். பொன்னுதுரை பொட்டலத்தைப் பிரித்துத் தானே தின்றுகொண்டு போனார்.

முனைக் கடைக்குப் போனார்கள். பெரிய மாஸ்டர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சின்ன மாஸ்டர் கைக்காப்பியை ஒரு விருந்தாளிக்குக் கொடுப்பது பாவம். வெளியே வந்தார்கள். இட்லிக் கடைக்குப் போனார்கள். இட்லி இருந்தது, ஆவி பறந்தது, ஆனால் அது இரண்டாம் ஈடு. அந்தக் கடையில் முதல் ஈடுதான் இட்லி; மற்றதெல்லாம் வயிற்றை அடைக்க வைத்தது. வெளியே வந்தார்கள். மக்ரூன் வாங்க ரொட்டிக் கடைக்குப் போனார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையுமாக, சங்கு மாதிரி சுருண்டு, அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்துத் தட்டு நிறைய வைத்திருந்தது. கிளாட்வின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்குச் சுட்டதா?" என்று கேட்டார் காசிலிங்கம்.

"இப்பத்தான் அண்ணாச்சி."

"அப்ப வேண்டாம். மக்ரூன்னா ஒரு நா ஆறணும். நேத்துச் சுட்டது இருக்கா?"

"நேத்துச் சுட்டது நேத்தே தீந்துபோச்சே."

"பாத்தியளா சார். நேத்து வந்திருக்கணும்."

கிளாட்வின் இப்போது "சரி" என்று சொன்னார். ஆனால் அந்தச் "சரி"யில் முந்தின "சரி"யின் கனம் இல்லை.

பனிமய மாதா கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. தெரு இருபக்கமும் கடை. காராச்சேவு ஒரு குன்று, மிட்டாய் ஒரு குன்று, எண்ணெய்ச் சட்டியில் என்னென்னவோ உருண்டு உருண்டு சிவந்துகொண்டிருந்தது. காசிலிங்கம் அதிகாரியின் கையைக் கெட்டியாகப் பிடித்து, குருடனை ரோடு தாண்ட வைக்கிற மாதிரி அவரை அந்த வீதி வழியே இழுத்துக்கொண்டு போனார். "திருவிழாக் கடையில தின்னாருன்னு நாளைக்கு யாராவது சொன்னா உங்களுக்குத்தான் சார் கேவலம்." கிளாட்வின் தலையை மட்டும் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தார்.

உச்சிவேளைக்குக் கடற்கரை ஓரத்தில் பிலோமி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிலோமி விதவை. கப்பல் ஆட்களுக்குச் சோறு ஆக்கிப் போடுகிறவள். சீலா மீன் குழம்பில் அவளுக்கு நிகரில்லை என்பது காசிலிங்கத்தின் தீர்ப்பு. யாரும் உட்காரச் சொல்லும் முன்னாலேயே கிளாட்வின் போய் மணையில் உட்கார்ந்துவிட்டார். இலை விழுந்தது. தண்ணீர் தெளித்தாயிற்று. சோறு விழுந்தது. அவர் கையைச் சோற்றில் வைத்துக் குழி பறித்து, குழம்புக்காக அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் கல்லும் கரைந்திருக்கும்.

காசிலிங்கம் சட்டியின் மூடியைத் திறந்தார். "என்ன பிலோமி, நெத்திலிக் கருவாடா?"

"ஆடிக் காத்து அண்ணாச்சி. திருவிழாவும் அதுவுமா கடலுக்கு யாரு போனா? கருவாட்டுக் குழம்பு நல்லாருக்கும், சார் சாப்பிடட்டும்."

"சீலாவுக்குன்னு கூட்டிட்டு வந்துட்டு, சாருக்குக் கருவாடு போடதா? எந்திரிங்க சார்."

"எலை போட்டு உக்காந்தவர எந்திரிக்கச் சொல்லுதியளே, இது நியாயமா? அவருக்கு வாய் இல்லியா?"

அவருக்கு வாய் இருந்தது. அதில் எச்சில்தான் ஊறிக்கொண்டிருந்தது. "எனக்குக் கருவாடு பிடிக்கும்" என்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார். காசிலிங்கம் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். அவருடைய கண்ணில் நீர் தளும்பியது. இப்படி ஒரு நல்ல மனிதருக்குக் கருவாடா? அவருக்காக உலகத்திலேயே உயர்ந்த சாப்பாட்டைத் தேடிக் கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷன்? அந்தக் கணத்தில்தான் அவருக்குக் காயல்பட்டணம் ஞாபகம் வந்தது.

காயல்பட்டணத்தில் ஹாமிது காக்கா; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிறவர். கம்பெனிக்கு வரும்போதெல்லாம், "ஒரு நாள் நம்ம ஊருக்கு வாங்கோ அண்ணாச்சி. களறிச் சாப்பாடு போடுறேன்" என்று கூப்பிடுவார். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் மாங்காய், ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அள்ளுகிற விருந்து. "சார், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றார் காசிலிங்கம். அந்தக் கொஞ்ச தூரம் என்பது பதினெட்டு மைலுக்குமேல் இருக்கும்.

பெட்ரோல் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. முதுகில் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ்தான் கிடைத்தது. ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ளவேண்டும். அதிகாரியும் தள்ளினார். தள்ளிக்கொண்டே அந்த அடுப்பை ஏக்கமாகப் பார்த்து, "மிஸ்டர் காசிலிங்கம், இதுக்குள்ளே ஏதாவது வேகுதா?" என்று கேட்டார். ஆத்தூரில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு வெளியே வாழைப்பழக் குலைகள் மஞ்சளாகத் தொங்கின. ஒரு கிழவர் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிளாட்வின் எழுந்தார். காசிலிங்கம் அவர் தோளை அன்போடு அமுக்கி உட்கார வைத்தார். "களறிச் சாப்பாட்டுக்குப் போற வயித்தப் பழத்தால அடைக்கலாமா? பதனியும் வெயில் ஏறுனது." கிளாட்வின் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார். பதில் சொல்லுகிற கட்டத்தை அவர் தாண்டிவிட்டார்.

காயல்பட்டணத்தில் இறங்கியபோது தெரு அமைதியாக இருந்தது. டீக்கடையில் கீற்றுத் தட்டி மறைத்திருந்தது. மிட்டாய்க் கடை மூடியிருந்தது. "எல்லாரும் நல்லாச் சாப்பிட்டுட்டு உறங்குதாவ சார்" என்று விளக்கம் சொன்னார் காசிலிங்கம். ஹாமிது காக்கா வாசலுக்கு ஓடிவந்து இரண்டு பேரையும் கட்டித் தழுவினார். முன்கூடத்தில் பாய் விரித்து, தலையணை போட்டு உட்காரவைத்தார். விசிறி கொடுத்தார். ஆனால் தண்ணீர் வரவில்லை. சர்பத் வரவில்லை. காசிலிங்கம் செருமினார்.

"காக்கா, அந்தக் களறிச் சாப்பாடு சொன்னியளே..."

ஹாமிது காக்கா சங்கடத்தோடு சிரித்தார். "அண்ணாச்சி, நேத்துப் பிறை பாத்தாச்சு. இன்னைக்குத் தலைநோன்பு."

காசிலிங்கத்துக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துப் போயிற்று. இரண்டு நாளைக்கு முன்னால்தான் ஆடி அமாவாசை. அவருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு இசக்கியம்மாள் வைத்த வாழைக்காய்ப் பொரியல் ஞாபகம் இருந்தது. வாழைக்காய்ப் பொரியல் என்றால் எந்த ஊரில் சாப்பிடவேண்டும் என்று அவளிடம் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அமாவாசைக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ பிறை தெரியும், இந்த வருஷம் அந்தப் பிறை ரமலான் பிறை என்பது மட்டும் ஞாபகம் இல்லை. நாட்களையெல்லாம் தின்பண்டத்தைக் கொண்டே எண்ணுகிறவர்களுக்கு இப்படித்தான் ஆகும்.

"அதனால என்ன? நோன்பு எங்களுக்குத்தானே" என்றார் ஹாமிது காக்கா. "ஒரு நாழியில சோறாக்கச் சொல்லுறேன். விருந்தாளி பசியோட இருக்கலாமா? ராஹிலா..."

உள்வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. "உலை வச்சாச்சுண்டு சொல்லுங்கோ" என்று அவருடைய மனைவியின் குரல் வந்தது.

கிளாட்வினுடைய முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சூரியன் உதித்தது. அஸ்தமிக்க அதிக நேரம் ஆகவில்லை. காசிலிங்கம் இரண்டு கையையும் கூப்பி எழுந்து நின்றார். நெஞ்சு உருகிப் பேசினார். "அது எப்படி காக்கா? நீங்க பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கிய, நாங்க ஒங்க முன்னால உக்காந்து திங்கதா? நாங்க என்ன மிருகமா? நாங்களும் இருப்போம். சாரும் இருப்பாவ."

"இருப்பாவ" என்று சொன்னபோது சாருடைய சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஹாமிது காக்கா நெகிழ்ந்துபோய் அதிகாரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் என்ன சொல்ல முடியும்? சொல்லுங்கள். பாயில் மெதுவாகச் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, பைபிளில் ஏதோ ஒரு அதிகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். காசிலிங்கம் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அவரும் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தலை சுற்றியது. நாற்காலி கண் முன்னால் வந்து, ஜன்னல் வழியாக வெளியே போய், கடலில் மிதந்து, தோணிகளுக்குப் பின்னால் மறைந்தது. இசக்கியிடம் என்ன சொல்லுவேன் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

வெயில் சாய்ந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து வாசனை புறப்பட்டது. முதலில் வெங்காயம் வதங்கியது. அப்புறம் பட்டை, கிராம்பு. அப்புறம் தேங்காய்ப்பால். கிளாட்வினுடைய மூக்கு அவருக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்தது. கறியும் அரிசியும் குழைந்த கஞ்சி கோப்பை கோப்பையாக வந்தது, இறால் வைத்துப் பொரித்த அரிசிமாவு வாடா அடுக்கடுக்காக வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. வந்ததெல்லாம் எதிரே இருந்தது. யாரும் தொடவில்லை. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நோன்பு திறக்கச் சொல்லிப் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு எழுந்தது.

கிளாட்வின் குடித்த முதல் வாய் கஞ்சியை நான் வர்ணிக்கப் போவதில்லை. அந்த வல்லமை எனக்கு இல்லை. கோப்பை காலியானது. இன்னொன்று காலியானது. வாடா நாலைந்து காணாமல் போனது. மூன்றாவது கோப்பையில்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி முழுக்க ஆவி. கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர்.

"காசிலிங்கம், காலையிலே உங்களைக் கொல்லலாமான்னு நினைச்சேன். மத்தியானம் எப்படிக் கொல்லலாம்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. நாள் முழுக்க என்னைக் காயப்போட்டு, இந்த நேரத்துக்கு, இந்த வாசல்லே கொண்டுவந்து நிறுத்தினீங்களே, இதுதான் உண்மையான சாப்பாட்டு ஞானம். இந்த மாதிரி ஒரு கஞ்சி என் ஜன்மத்திலே குடிச்சதில்லை. யோசனையும் நிதானமும் உள்ள ஆள் நீங்க. நாற்காலி உங்களுக்குத்தான். நாளைக்கே சொல்லிடறேன். என்ன கஞ்சி, என்ன கஞ்சி. நல்லாயிருக்கு, இல்லே?"

ஹாமிது காக்கா முகம் மலர்ந்து காசிலிங்கத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்று, காது கொடுத்தது.

ஒரு வார்த்தைதான். "ஆமா." இசக்கியம்மாள் சொல்லிக் கொடுத்த வார்த்தை. முருகன் சாட்சியாக ஒப்புக்கொண்ட வார்த்தை. காசிலிங்கம் வாயைத் திறந்து அதைச் சொல்லியும்விட்டார்.

"ஆமா சார்."

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். மூடினார். பல்லைக் கடித்தார். வாடாவை எடுத்து வாயில் அடைத்துப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி, நெஞ்சில் ஏறி, தொண்டையில் நின்று முட்டியது. ஒரு நல்ல மனிதர், கண்ணீர் விட்டுச் சாப்பிடுகிற மனிதர், இதுதான் கஞ்சி என்று நம்பிக்கொண்டு மதராஸுக்குப் போகப்போகிறாரே. அவரை அப்படிப் போக விடலாமா? நாற்காலி பெரிதா, சத்தியம் பெரிதா? இப்போது சத்தியம் என்று அவர் நினைத்தது முருகன் மேல் பண்ணினதை அல்ல.

"நல்ல கஞ்சிதான் சார்" என்றார் மிகவும் பணிவாக. "ஆனா கஞ்சின்னா, அது மேலப்பாளையத்துல இருக்கு."

ஹாமிது காக்காவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. கிளாட்வின் மூன்றாவது கோப்பையைக் கீழே வைத்தார். அதன் அடியில் இன்னும் ரெண்டு வாய் இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையில், காலையில் பாதி இட்லியைப் பார்த்த கோடானுகோடி மனிதர்களின் துயரம் இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ராஹிலாவின் குரல் வந்தது. "மேலப்பாளையத்துக்கு இன்னும் பஸ் இருக்கா, கேளுங்கோ."

நாற்காலி பொன்னுதுரைக்குப் போயிற்று. இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இசக்கியம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புருஷனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, "இதுவும் சுமார்தான், தின்னுங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தின்றார். உண்மையிலேயே அவருக்கு அவமானமாக இருந்தது. கொஞ்ச நாளைக்கு யாரையும் எந்தக் கடையிலிருந்தும் எழுப்பவில்லை.

பிறகு ஒரு நாள் அவர் முன்னறைக்குப் போனார். பொன்னுதுரை ஜன்னல் ஓரத்தில், பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடல் தெரிந்தது, தோணி தெரிந்தது, காற்று வந்தது. காசிலிங்கம் நாற்காலியின் கையை ஒரு தரம் தடவினார். பெருமூச்சு விட்டார். அதில் பொறாமை இல்லை; பழைய இரக்கம் திரும்பி வந்திருந்தது.

"நல்ல நாற்காலிதான் பொன்னுதுரை. ஆனா நாற்காலின்னா கஸ்டம்ஸ் ஆபீஸ்ல ஒண்ணு கிடக்கு பாரும். அதுல உக்காந்தாத் தெரியும்."

எதற்கும் "சூடா இருந்துது" என்பதற்கு மேல் அபிப்பிராயம் இல்லாத அந்த மனிதர், தன்னையறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு அதில் சுகமாக உட்கார முடியவில்லை என்று கேள்வி.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மதராஸிலிருந்து வருகிறவர்கள் வேறொன்று சொல்லுகிறார்கள். அங்கே தலைமை ஆபீசுக்குப் பக்கத்து ஹோட்டலில் யாராவது இலை போட்டு உட்கார்ந்தால், உருண்டைக் கண்ணாடி போட்ட ஒருவர் பின்னால் வந்து தோளில் கை வைக்கிறாராம். "இங்கேயா சாப்பிடறீங்க? கஞ்சின்னா தெற்கே ஒரு ஊர் இருக்கு. பிறை பார்த்த மறுநாள் போகணும். காலையிலேர்ந்து எதையும் தொடாமே போகணும்" என்கிறாராம். ஆக, இது தொத்து வியாதி.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. காயல்பட்டணத்துக் கஞ்சி வந்த இடத்தில் உங்கள் மனசு என்ன சொல்லிற்று? "கீழக்கரையில் குடித்துப் பார்க்காத பயல் எழுதியிருக்கிறான்" என்று ஒரு முணுமுணுப்பு எழுந்ததா இல்லையா? மக்ரூன் வந்தபோது ஏதோ ஒரு கடையின் பெயர் நாக்கு நுனிக்கு வந்ததே, அது என்ன? இல்லவே இல்லை என்கிறீர்களா? சந்தோஷம். அப்படியானால் இந்தச் சித்திரத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் படித்துச் சிரித்து, "நல்லாயிருக்கு, இல்லே?" என்று கேட்பார். "ஆமா" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருங்கள், பார்க்கலாம்.